திருடனுக்கு ஒரே ஒரு திறமை

கடைத்தெருவில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. வேலை, எடை அளவு ஆய்வாளர். கையில் ஒரு தோல் பெட்டி. அதற்குள் வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள், ஐந்து கிலோவிலிருந்து ஒரு கிராம் வரை, பெரியது சின்னது என்று வரிசையாகத் தூங்கும். அவள் தெருமுனையில் திரும்பினாலே போதும், கடைக்காரர்களுக்குத் தாராள குணம் பொங்கி வரும். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்கள் வெட்கப்பட்டுத் தாமாகவே கழன்று விழும்.

பத்தொன்பது வருடத்தில் அவள் கற்றது ஒன்றுதான். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது கிடைக்கும்வரை அந்தக் கடைப்படியை விட்டு இறங்கக் கூடாது. வேலைக்கு ஏற்ற குணம். வீட்டுக்கு ஏற்றதா என்று அவள் கணவரைத்தான் கேட்க வேண்டும். கேட்க வழியில்லை. மனிதர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது.

அவர் தகரப் பட்டறைக்காரர். பெரிய கட்டடங்களில் குளிர்காற்று போவதற்குக் கூரையோடு ஓடுகிற சதுரக் குழாய்களைத் தகரத்தில் மடித்து அடிப்பவர். முப்பது வருடம் சுத்தியல் பிடித்ததில் காது பாதி போய்விட்டது. தன் சத்தம் தனக்குக் கேட்காதவரை விடச் சத்தமான ஆள் உலகத்தில் கிடையாது. அவர் கதவைச் சாத்த மாட்டார், அறைவார். தும்மினால் மாடிவீட்டுக் குழந்தை வீறிடும். டம்ளரை மேசையில் வைப்பதிலேயே யாரோ சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்று தோன்றும். அவளுக்கோ ஒற்றைத் தலைவலி. வாரத்தில் இரண்டு நாள் திரையை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு படுத்துவிடுவாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் அதிகம் சொன்ன வார்த்தை "மெதுவா". இரண்டாவது இடத்தில் "மெதுவாங்கிறேன்ல."

அன்றும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை மதியம். "இன்னிக்கு ஒரு நாளாவது சத்தம் போடாம இருங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று மணி நேரம், சொன்னபடியே, ஒரு சத்தமும் இல்லை. விழித்தபோது தலைவலி போயிருந்தது. 'பரவாயில்லையே, மனுஷன் திருந்திட்டாரே' என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தாள். கை சில்லென்றிருந்தது.

இதயம் என்றார் டாக்டர். வலித்திருக்குமா என்று இவள் கேட்டாள். "வலிச்சிருக்கும்மா, கொஞ்ச நேரம். பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க? உங்களைக் கூப்பிடவே இல்லையா?" என்றார் அவர். ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தலைவலி வரவேயில்லை. வந்திருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று மணிக்கு அவர் 'ஆட்டத்துக்கு' என்று கிளம்பிப் போவார். பன்னிரண்டு வருடமாகப் போனார். சீட்டாட்டம் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த மூன்று மணி நேர அமைதிக்கு நன்றிக்கடனாக எதுவும் விசாரிக்கவில்லை. அவர் போன ஒரு மாதத்தில், சட்டைப் பையில் கிடந்த, முகவரிச் சீட்டுக் கட்டிய ஒரு மாடிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

அது ஒரு பல்செட் செய்பவரின் மாடியறை. சுவர் நெடுக அலமாரி, அலமாரி நெடுக ஊரார் வாய்களின் சுண்ண வார்ப்புகள். நூறு பேர் தலையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வட்டமேசை. அதைச் சுற்றி மூன்று பேரும் ஒரு காலி நாற்காலியும். மேசையில் சீட்டுக்கட்டு இல்லை. கையால் வரைந்த ஒரு கோட்டையின் படம், பல முகம் கொண்ட பகடைகள், பென்சில்கள், பிஸ்கட் தட்டு.

"உக்காருங்க அண்ணி" என்றார் பல்செட்டுக்காரர். அவர்தான் ஆட்டத்தில் கதைக்காரர். காடு, குகை, பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் அதற்குள் புகுந்து உயிர் பிழைத்து வர வேண்டும். அதற்கு ஆளுக்கு ஒரு வேடம் உண்டு. முதலில் தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடன். படி ஏற ஏறத் திறமைப் புள்ளி கிடைக்கும். அதை எந்தத் திறமையில் போடுவது என்பது அவரவர் இஷ்டம். எதையாவது செய்யும்போது பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு அந்தத் திறமையின் புள்ளியைக் கூட்டிக்கொள்ளலாம். நிஜ வாழ்க்கையில் மாமனாரும் மதிப்பெண் பட்டியலும் முடிவு செய்கிற சமாசாரத்தை இங்கே நாமே முடிவு செய்யலாம் என்பதுதான் இந்த ஆட்டத்தின் கவர்ச்சி.

அதனால் மேசையில் எல்லாமே தலைகீழாக இருந்தது. நாள் முழுக்க ஊசி போட்டுக் கட்டுக் கட்டுகிற நர்ஸம்மா இங்கே வீரன். கோடாலியை எடுத்தால் தலை உருளாமல் கீழே வைக்க மாட்டாள். எதிரே கறிக்கடைக்காரர், ஆறடி உயரம், முழங்கை வரை வெட்டுக்காயம். இவர் வைத்தியர். பச்சிலை வைத்து எல்லோரையும் பிழைக்க வைப்பார்.

"எங்க வீட்டுக்காரர் யாரு?" என்றாள் தராசக்கா.

கறிக்கடைக்காரர் ஒரு பழைய தாளை அவள் பக்கம் தள்ளினார். மேலே கணவரின் கொட்டை எழுத்து. பெயர்: பூனை. தொழில்: திருடன்.

"திருடனா? என் வீட்டுக்காரரா?" அரசாங்க முத்திரை வைத்திருக்கும் பெண்மணிக்கு நியாயமான அதிர்ச்சி.

"திருடன்னா என்ன அண்ணி, ஒரு குண்டூசி திருடினது இல்ல" என்றார் கறிக்கடைக்காரர். "தாளைப் பாருங்க. பூட்டுத் திறக்கிறது, பூஜ்யம். பொறியைக் கண்டுபிடிக்கிறது, பூஜ்யம். சுவர் ஏறுறது, பூஜ்யம். பன்னெண்டு வருஷப் புள்ளி அத்தனையும் ஒரே இடத்துல கொண்டு போய்க் கொட்டியிருக்காரு."

அந்த ஒரே இடம்: சத்தமில்லாமல் நடத்தல். பக்கத்தில் இருபது புள்ளி. பென்சிலால் ஒவ்வொன்றாக ஏற்றி, அழித்து, ஏற்றி, தாள் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது.

"சத்தமில்லாம உள்ள போவாரு. பூட்டைத் திறக்கத் தெரியாது. சத்தமில்லாம வெறுங்கையோட திரும்பி வருவாரு" என்று நர்ஸம்மா சிரித்தாள். "இதுக்குத்தான் ஒரு திருடனான்னு கேட்டா, நீங்க உங்க வேலையைப் பாருங்கம்பாரு. அதையும் கத்தித்தான் சொல்லுவாரு அக்கா."

தராசக்கா சிரிக்கவில்லை. ஒரு தட்டில் இருபது கிலோ, மறு தட்டில் ஒன்றுமேயில்லை. எதற்கு?

*

எதற்கு என்பது எழுதியே இருந்தது, ஒரு உறைக்குள். இந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குகிற நாளில், ஒவ்வொருவரும் தங்கள் ஆளுக்கு என்ன ஆசை என்பதை ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். பல்செட்டுக்காரர் அதன்மேல் பல்செட்டுக்கு வைத்திருக்கும் ரோஸ் நிற மெழுகை உருக்கி ஊற்றி, ஒரு சுண்ணப் பல்லால் அழுத்தி முத்திரை வைப்பார். அந்த ஆள் ஆட்டத்தில் செத்தால்தான் உறையைப் பிரிக்கலாம். எல்லோர் முன்னாலும் வாசித்து, வழியனுப்பி வைப்பார்கள்.

"அவர் உறையைக் குடுங்க" என்றாள்.

"அவன் சாகலையே அண்ணி."

அறையில் நூறு வாய்களும் அப்படியே இருந்தன. பல்செட்டுக்காரருக்குத் தாம் சொன்னது பிறகுதான் உறைத்தது. "இல்ல... நம்மாளு போயிட்டாரு. பூனை இன்னும் இருக்கான். கடைசி ஆட்டத்துல கோட்டை வாசல்ல நிக்கிறான்" என்று இழுத்தார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த உறையைப் பிடுங்கிக் கிழித்திருப்பார்கள். ஆனால் முத்திரை உடைத்தவர்களை வருடக்கணக்காக நீதிமன்றத்துக்கு இழுத்தவள் அவள். உடைந்த முத்திரைக்கு எந்தக் காரணமும் செல்லாது என்று அவளே எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். சட்டப்படி அந்த உறை பிரிய ஒரே வழிதான்.

"அப்ப அவருக்கு நான் ஆடுறேன்" என்று காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. கணவரின் நினைவாக ஆட வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். பாவம், அவள் அவரைக் கொல்ல வந்திருந்தாள்.

*

கொல்வது சுலபமாக இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே பூனையைத் தூங்குகிற பூதத்தின் காதருகில் நிறுத்தி, "தொண்டை கிழியக் கத்துறேன்" என்றாள். பூதம் எழுந்து அடித்தது. இருபது முகப் பகடையை உருட்டினாள். பத்தொன்பது. பூனை உருண்டு தப்பித்தான். அடுத்த வாரம் கிணற்றில் குதிக்க விட்டாள். இருபது. அதற்கடுத்த வாரம் விஷக் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடிக்க வைத்தாள். பதினெட்டு, வாந்தியோடு போயிற்று. விளிம்பு தேய்ந்து போன கறுப்புப் பகடை அது. அவருடையது. அவள் கையிலிருந்து விழும்போதெல்லாம் அது அவரைக் காப்பாற்றியது.

எண் கூடினால் காரணம் இருக்கும் அல்லவா? திங்கட்கிழமை பகடையை ஆபீசுக்குக் கொண்டு போனாள். தங்கம் நிறுக்கும் கண்ணாடிப் பெட்டித் தராசில் நிறுத்தாள். உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு எந்த முகம் மேலே வருகிறது என்று பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில் நானூறு தடவை உருட்டிக் கோடு கிழித்துக் கணக்கெடுத்தாள்.

"என்னக்கா, தாயக்கட்டையா?" என்றார் பக்கத்து மேசை எழுத்தர்.

"சாட்சி" என்றாள்.

பகடை நேர்மையானது. ஒரு முகமும் கூடவில்லை, குறையவில்லை. ஆபீசில் உருட்டினால் ஒழுங்காக இரண்டும் ஏழும் பதினொன்றும் விழுந்தது. மாடியறையில் பூனையின் உயிரைப் பந்தயம் வைத்தால் மட்டும் பதினேழுக்குக் கீழே இறங்க மறுத்தது. இதற்கு எந்தச் சட்டப் பிரிவில் நோட்டீஸ் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பகடை விட்டாலும் கறிக்கடைக்காரர் விடவில்லை. பூனைக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், பச்சிலைப் பையோடு ஓடி வந்தார். தன் ஆள் சாகக் கிடந்தபோதும் கடைசி இலையைப் பூனைக்கே வைத்தார்.

"ஏங்க, எனக்கு வைங்களேன், என் வீரன் கை தொங்கிட்டிருக்கு" என்று நர்ஸம்மா கத்தினாள்.

"உனக்கு இன்னொரு கை இருக்குல்ல. சும்மா இரு."

மாடிப்படியில் இறங்கும்போது தராசக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு அவரை இப்படித் தாங்குறீங்க? ஆட்டம்தானே?"

பெரிய மனிதர் பார்வையைச் செருப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு நான் அங்க இல்ல அண்ணி. இங்க இருக்கேன். என் கண்ணு முன்னாடி ரெண்டாவது தடவை போக விட மாட்டேன்."

அன்றைக்கு அங்கே இருந்தவள் அவள்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு மனிதரைச் சாகடிக்க வாராவாரம் பிஸ்கட் பொட்டலத்தோடு போய் வந்தாள். இதற்கிடையில் அவளுக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. பூனை எப்படி நடப்பான், எங்கே நிற்பான் என்று சொல்லிச் சொல்லி, அவள் அவராகவே பேச ஆரம்பித்திருந்தாள். "நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று ஒருநாள் நர்ஸம்மாவிடம் சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகு மூவரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அது அறைந்தது. மாடிவீட்டுக் குழந்தை அழுதது. அந்த அழுகை ஓயும்வரை கதவில் கைவைத்தபடியே நின்றாள்.

*

கடைசி ஞாயிற்றுக்கிழமை கோட்டையின் உள்ளே ஒரு தொங்கு பாலம். பாதியில் கயிறு அறுந்தது. வீரன் அந்தப் பக்கம் தாவிவிட்டான். வைத்தியர் கையில் ஒரு இலைகூட இல்லை. பூனை ஒரு பலகையைப் பற்றித் தொங்கினான்.

"பத்துக்கு மேல வந்தா ஏறிடுவான்" என்றார் பல்செட்டுக்காரர். "கீழ விழுந்தா... அவ்வளவுதான் அண்ணி. பாத்து உருட்டுங்க."

உருட்டினாள். பகடை மேசையின் ஓரம்வரை ஓடி, கறிக்கடைக்காரரின் கைக்கு அருகில் போய் நின்றது. பதினேழு. அவள் சட்டென்று உள்ளங்கையால் மூடினாள்.

"மூணு" என்றாள்.

பத்தொன்பது வருட வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அளவு அது. குரல் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பல்செட்டுக்காரரும் நர்ஸம்மாவும் எதிர்ப்பக்கம், அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கறிக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. மூடுவதற்கு முன் அவர் பார்த்துவிட்டார். அவளுடைய கையைப் பார்த்தார், பிறகு முகத்தை. அந்த முகத்தில் என்ன நிறுத்தாரோ.

"மூணா?" என்று பல்செட்டுக்காரர் அவரிடம் கேட்டார்.

"மூணுதான்" என்றார் கறிக்கடைக்காரர். சொல்லிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பூனை விழுந்தான். எவ்வளவு ஆழம் என்று பல்செட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். "கீழே விழுந்த சத்தம் கேக்கல" என்று மட்டும் சொன்னார்.

உறையைக் கொண்டு வந்தார். முத்திரை முழுசாக இருப்பதை அவளிடம் காட்டினார். அவள் விரலால் தடவிச் சரிபார்த்துத் தலையசைத்தாள். மெழுகு உடைந்தது. வாசிக்க ஆரம்பித்தவர் முடியாமல் நர்ஸம்மாவிடம் நீட்டினார். அவள் வாசித்தாள்.

"பூனையோட ஆசை. எல்லாம் முடிஞ்சதும் வீட்டுக்குப் போகணும். அவளுக்கு முழிப்பு வராம உள்ள வரணும். தண்ணி குடிச்சுட்டு டம்ளரை மெதுவா கவுத்து வெக்கணும். பக்கத்துல படுத்துக்கணும். காலையில அவ எந்திரிச்சுப் பாத்து, நீங்க எப்ப வந்தீங்கன்னு கேக்கணும். ஒரே ஒரு தடவை. எனக்கு அது போதும்."

கீழே தெருவில் ஒரு வண்டி பின்வாங்கும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

தராசக்கா உடைந்த மெழுகுத் துண்டுகளை ஒன்றாகத் திரட்டி வைத்தாள். "அவர் நடந்தா யாருக்கும் கேக்கக் கூடாதுன்னா, எத்தனை விழணும்? பகடையில?"

"உருட்டவே வேணாம் அண்ணி" என்றார் பல்செட்டுக்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இருபது புள்ளி வந்துட்டா அந்தத் திறமைக்குப் பகடையே கிடையாது. தோக்கவே முடியாது. அவன் சத்தம் போடாம இருக்கணும்னு நெனச்சா, இருந்துடுவான்."

"நெனச்சா இருந்துடுவார்" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

நர்ஸம்மாவுக்கு அவள் மனம் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இது ஆட்டம். அந்த மாதிரி வலி வந்தா, கூப்பிடணும்னு நெனைக்கக்கூட நேரமிருக்காது. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"டாக்டர் கொஞ்ச நேரம் வலிச்சிருக்கும்னாரே."

நர்ஸம்மா பிடித்திருந்த கையை மட்டும் இறுக்கினாள். பொய் அளவு சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

*

மறுநாள் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. நன்றாகத் தூங்கியிருந்தாள்; ஒன்றரை வருடத்தில் முதல் தடவை. இரவு முழுக்க ஒரு சின்னச் சத்தம்கூட அவளை எழுப்பவில்லை. எழுப்பவில்லை என்பதை நினைத்ததும் அப்படியே அசையாமல் படுத்திருந்தாள்.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். தொட்டியின் பக்கத்தில், துடைத்த மேடையில், ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது.

படுக்கப் போகும்முன் அவள் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைத்தாள்? ஊரில் எந்தக் கடையில் எந்தத் தராசு எத்தனை கிராம் ஏய்க்கும் என்று தேதியோடு ஒப்பிக்கிறவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. குனிந்து பார்த்தாள். விளிம்பைச் சுற்றி மேடையில் ஈரமில்லை. படுக்கும்முன் கவிழ்த்தது என்றும் சொல்லலாம், நடுராத்திரியில் என்றும் சொல்லலாம். சோதனை செய்யக் கருவி இல்லை. தொட்டால் தடயம் போய்விடும் என்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்படியே திரும்பிப் படுக்கையறைக்கு வந்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. தலையணைக்கு நேராக நின்று, மாடிவீட்டுக் குழந்தைக்குக்கூடக் கேட்காத குரலில், அவள் கேட்டாள்:

"நீங்க எப்ப வந்தீங்க?"